நாத்தனாருக்கு வரும் நோய்

எங்கள் மாநிலத்தில் கர்ப்பப்பை இறக்கம் என்ற நோய் நாத்தனார்களுக்கு மட்டும்தான் வருகிறது. நான் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிகளில் மாட்டியிருக்கிற செவி என்ற இயந்திரத்தின் கணக்கு சொல்கிறது. ஓரகத்திகளுக்கும் சித்தி பெண்களுக்கும் கொஞ்சம் உண்டாம். ஆனால் இந்த நோய் வந்த ஒருத்திகூட இதுவரை ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்ததில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தலைவலி. மேலிடத்தில் இதை ஆராய ஒரு குழு போட்டார்கள். நாத்தனார் உறவுக்கும் இடுப்புத் தசைக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தக் குழு வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் நாத்தனார்களுக்கு இலவச உடற்பயிற்சி முகாம் நடத்தச் சொன்னது. முகாமுக்கு நாத்தனார்கள் தங்கள் அண்ணிகளை அனுப்பி வைத்தார்கள். அந்தக் குழுவில் ஒரு பொம்பளையாவது இருந்தாளா என்று கேட்காதீர்கள், எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது.

நான் இருபது வருஷம் மெடிக்கல் கோடிங் பார்த்தவள். அமெரிக்காவில் டாக்டர் எழுதுவதை திருச்சியில் உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுகிற வேலை. அங்கே வாத்து கடித்தால் அதற்கொரு குறியீடு உண்டு. அதே கடிக்கு மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனால் கடைசி எழுத்து மாறும். கர்ப்பப்பை இறக்கத்துக்கும் அப்படித்தான். பாதி இறங்கியதா, முழுசாக இறங்கியதா, சிறுநீர்ப்பை மட்டும் சரிந்ததா, குடலும் சேர்ந்து சரிந்ததா என்று தனித்தனி எண்கள். முகம் தெரியாத அமெரிக்காக்காரிகளுக்கு எல்லாம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரிக்கு என்ன என்று தெரியாது. எழுதாதது நடக்கவே இல்லை என்பது அந்த வேலையின் முதல் பாடம். டாக்டர் எழுதவில்லை என்றால் கால் உடைந்தவனுக்கும் கால் உடையவில்லை. அப்போது அது வெறும் தொழில் விதியாக இருந்தது. இப்போது சட்டமாகிவிட்டது.

ஏனென்றால் செவி வந்துவிட்டது. டாக்டர் அறையின் கூரையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. நோயாளி பேசுவதைக் கேட்கும். அவர் பேசி முடிக்கும் முன்னால் நோய்க்குக் குறியீடு போட்டுவிடும். குறியீடு விழுந்தால்தான் மருந்து அலமாரி திறக்கும், ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கும். கூடவே குடும்பத் தலைவரின் போனுக்குத் தகவல் போகும். படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்களே என்ற நல்லெண்ணத்தில், அந்தப் போன் தகவலை ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்கும்.

இத்தனையும் இயந்திரம் செய்தால் மனிதர்கள் எதற்கு என்று கோர்ட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள். அதற்காக ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு மனிதச் சான்று அலுவலர் வேண்டும் என்று ஆனது. எங்கள் ஆஸ்பத்திரியில் அது நான். செவி சொன்னது சரி என்று பச்சைப் பட்டனை அமுக்குவேன். தப்பு என்று சொல்ல சிவப்புப் பட்டனும் உண்டு. அதைத் தொட்டதில்லை. அதைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட நான் பிரிக்கவில்லை.

காத்தாயி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஐம்பதை நெருங்கிய பெண்மணி. தண்ணீர் கேன் போடுகிறவள். லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிகளில் ஒவ்வொரு கேனாகத் தோளில் வைத்து ஏற்றுகிற ஆள். என் அறைக்கும் டாக்டர் ஹசீனாவின் அறைக்கும் நடுவே அரைச்சுவர்தான், அதனால் எனக்கு எல்லாமே தெரியும், எல்லாமே கேட்கும். காத்தாயி நாற்காலியில் முழுசாக உட்காராமல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்றார் ஹசீனா.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர். என் நாத்தனா ஒருத்தி இருக்கா, வேம்புன்னு. அவளுக்குத்தான்."

"அவங்களுக்கு என்ன?"

"கீழ என்னமோ வந்து நிக்குதாம். சாயங்காலம் ஆனா ரொம்பவே இறங்கிடுதாம். கேன் தூக்கறப்ப... வேலை செய்யறப்ப, இன்னும் மோசமாம். ரத்தம் வேற கசியுதுன்னா. கேட்டுட்டு வரச் சொன்னா."

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதில் புரிய என்ன இருக்கிறது? நம் பெண்கள் இந்த மாதிரி சங்கடத்தை நாத்தனார் தலையில் ஏற்றித்தான் டாக்டரிடம் சொல்வார்கள். டாக்டரும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "உங்க நாத்தனாரை இந்த மாத்திரையைச் சாப்பிடச் சொல்லுங்க" என்பார். வந்தவள் வீட்டுக்குப் போய்த் தானே சாப்பிடுவாள். நாத்தனாருக்கும் இது தெரியாது, புருஷனுக்கும் தெரியாது. எந்தக் குழப்பமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு அது.

ஹசீனாவும் அந்த ஏற்பாட்டின்படியே, "நாத்தனாரைப் பார்க்கறதுக்கு முன்னாடி உங்களை ஒரு தடவை பார்த்துடறேனே" என்று திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை. அதற்குள் செவி, செய்தி வாசிக்கிற அம்மாவின் குரலில் ஆரம்பித்துவிட்டது.

"வேம்பு, கணவர் பெயர் தனபால். கர்ப்பப்பை முழு இறக்கம். உறவினர் வாக்கு ஏற்கப்பட்டது. அறுவை சிகிச்சை வியாழக்கிழமை. காத்தாயி, நோய் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. வருகைக்கு நன்றி."

என் மேஜையில் பச்சைப் பட்டன் மினுக்கியது. கை அது பாட்டுக்கு அமுக்கிவிட்டது. பழக்கதோஷம்.

காத்தாயி வெளியே போனதும் ஹசீனா அரைச்சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "எமல்டா மேடம், அந்தம்மாவுக்கு முழுசா வெளிய இருக்கு. உரசி உரசிப் புண்ணாயிருக்கு. இப்படியே கேன் தூக்கிட்டு இருந்தாங்கன்னா நாளைக்கு மூத்திரம் அடைச்சுக்கும், கிட்னிக்குப் போகும். உள்ள தாங்கிப் பிடிக்க ஒரு ரிங் வெச்சாவது அனுப்பலாம்னா அலமாரி திறக்க மாட்டேங்குது."

"நீங்கதான் கண்ணால பார்த்தீங்களே டாக்டர். அதைச் சொல்லுங்க செவிகிட்ட."

"நான் பார்த்தது செல்லாது மேடம். ஒரு காலத்துல சில டாக்டருங்க தேவையில்லாம கர்ப்பப்பையை எடுத்துத் தள்ளிட்டாங்கன்னு எங்க வார்த்தைக்கே மதிப்பில்லாம பண்ணிட்டாங்க. நோயாளி சொல்லணும், இல்லேன்னா சொந்தக்காரங்க சொல்லணும். கைக்குழந்தைக்கும் மயக்கத்துல இருக்கறவங்களுக்கும்னு வெச்ச விதி அது."

"வியாழக்கிழமையை விட்டா?"

"சர்ஜன் மறுபடி வர ஆறு மாசம் ஆகும். அந்தம்மா அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க. அந்த வியாழக்கிழமை தேதி எப்படியாவது அவங்க பேருக்கு மாறணும்."

நான் எழுந்து வராந்தாவுக்கு ஓடினேன். காத்தாயி படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கே முகம் வெளுத்துவிட்டது.

"அய்யய்யோ, வேம்பு பேருக்கா போயிடுச்சு? நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க மேடம்."

"எனக்குத் தெரியும்மா. பெட்டிக்குத் தெரியலையே. இப்ப உள்ள வந்து, எனக்குத்தான் கர்ப்பப்பை இறங்கியிருக்குன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க. முடிஞ்சது."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் உங்களுக்கு அக்காவா தங்கச்சியா? நான் சொன்னா செல்லாது."

"சொன்னா எங்க வீட்டுக்காரர் போன் கத்துமே மேடம். அவரு பொழுதுக்கும் டீக்கடையில இருக்கற ஆளு. நாலு பேர் நடுவுல அது இதைப் படிச்சா நான் அந்தத் தெருவுல எப்படிக் கேன் போடுவேன்?"

கெஞ்சிக் கூத்தாடி உள்ளே அழைத்து வந்தேன். பெட்டிக்கு நேர் கீழே நிறுத்தினேன். ஹசீனா கதவைச் சாத்தினார். காத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், எடுத்தாள், மூச்சை இழுத்தாள்.

"எனக்கு..." என்றாள்.

நாங்கள் இருவரும் தலையை ஆட்டினோம்.

"எனக்குத் தலைவலி."

அலமாரி டக்கென்று திறந்து ஒரு பட்டை மாத்திரையைத் துப்பியது. மறுபடி முயற்சி செய்தோம். இந்தத் தடவை நெஞ்செரிச்சல். அதற்கும் மாத்திரை விழுந்தது. அடுத்தது முட்டிவலி. ஒரு பை நிறைய மாத்திரையோடு, நோய் மட்டும் அப்படியே இருக்க, காத்தாயி வீட்டுக்குப் போனாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அப்புறம் நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன், கோபம் போய்விட்டது.

மறுநாள் காலை என் அறைக் கதவு உதைபட்டுத் திறந்தது. காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் பை. மினி பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸின் இரைச்சலை அடக்கிப் பழகிய குரல்.

"யாரு இங்க மனுசச் சான்று? நீங்கதானா? உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"நீங்க?"

"வேம்பு. தனபால் பொண்டாட்டி. கர்ப்பப்பை இறங்கினவளாம், அப்படித்தான் ஊரே சொல்லுது இப்ப."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். நேற்று சாயங்காலம் ஒரு ரிசப்ஷன். தனபால் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். வலது கை ரசம் சோற்றில் இருந்த நேரம் பார்த்து, சட்டைப் பையில் இருந்த போன் ஆரம்பித்திருக்கிறது.

"'அன்பார்ந்த குடும்பத் தலைவர் தனபால் அவர்களே, தங்கள் துணைவியாரின் கர்ப்பப்பை முழுமையாக வெளியே இறங்கியுள்ளது, வியாழன் காலை வெறும் வயிற்றுடன் அழைத்து வரவும்'னு கத்துது மேடம். அந்த மனுசன் இடது கையால நோண்டி நோண்டிப் பார்க்கறாரு, நிக்க மாட்டேங்குது. பாயசம் ஊத்திட்டிருந்தவன் வாளியோட அப்படியே நின்னுட்டான். கடைசியில 'தகவல் தந்து உதவியவர் அண்ணி காத்தாயி'ன்னு நன்றி வேற சொல்லுது. எங்க அண்ணிக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ரசம் சோற்றில் கையோடு ஒரு மெக்கானிக் தன் சட்டைப் பையோடு மல்லுக்கட்டுவதை நினைத்து எனக்கு உதடு துடித்துவிட்டது. வேம்பு பார்த்துவிட்டாள். சிரிப்பை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். உங்கள் அண்ணி உங்களை மாட்டிவிடவில்லை, அது அவளுடைய சங்கடம், வாய்விட்டுச் சொல்ல முடியாமல் உங்கள் பேரைச் சொல்லிவிட்டாள், வியாழக்கிழமை தேதி அவளுக்குக் கிடைக்காவிட்டால் நிலைமை மோசம் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

வேம்புவின் சத்தம் நின்றது. "அண்ணிக்கா?" என்றாள். "கேன் வேற தூக்குதே அது." அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "முழுசாவேவா?"

"புண்ணே ஆயிடுச்சாம்."

"இப்ப நான் என்ன பண்ணணும் மேடம்?"

இருபது வருஷம் கோடிங் பார்த்தவளுக்கு மூளை இங்கேதான் வேலை செய்தது. சொந்தக்காரர் வாக்கு செல்லும் என்றால், அண்ணிக்காக நாத்தனார் சொன்னாலும் செல்லத்தானே வேண்டும். "நீங்க டாக்டர் ரூமுக்குப் போய், என் அண்ணி காத்தாயிக்கு இப்படியிப்படி இருக்குன்னு சொல்லுங்க. தேதி அங்க மாறிடும்" என்றேன். ஹசீனாவுக்கும் இது பிடித்துவிட்டது. மூன்று பேரும் பெட்டிக்குக் கீழே போய் நின்றோம்.

வேம்பு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எங்க அண்ணி காத்தாயிக்கு," என்று ஆரம்பித்தாள். "காலையில எழுந்திரிக்கறப்ப ஒண்ணும் தெரியாது. மத்தியானத்துக்கு மேல கனக்க ஆரம்பிக்கும். நாலு மணி வாக்குல பந்து மாதிரி இறங்கிடும், உட்கார்ந்தா அதும் மேலயே உட்கார்ற மாதிரி இருக்கும். தும்முனா, பிரேக் போட்டா, சிரிச்சாக்கூட மூத்திரம் சொட்டும். ஒண்ணுக்குப் போனா முழுசாப் போன மாதிரியே இருக்காது, விரலால உள்ள தள்ளிட்டுத்தான் போகணும். புருஷன் பக்கத்துல வந்தாலே பயமா இருக்கும்."

நான் ஹசீனாவைப் பார்த்தேன். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டாள். தினமும் ஆயிரம் பேரைச் சமாளிக்கிறவள், கதை விடுவதில் கெட்டிக்காரியாகத்தான் இருப்பாள் என்று மெச்சிக்கொண்டேன்.

"காத்தாயி, கர்ப்பப்பை முழு இறக்கம், உறவினர் வாக்கு..." என்று தொடங்கிய செவி சட்டென்று நின்றது. முதல் தடவையாக அது யோசிப்பதைப் பார்த்தேன்.

"முரண்பாடு. இரு பெண்கள் ஒருவர் மீது ஒருவர் ஒரே நோயைச் சுமத்தியுள்ளனர். உரிய குறியீடு, குடும்பப் பகை. இருவரது சிகிச்சையும் நிறுத்தி வைக்கப்படுகிறது. நாளை காலை குடும்பத் தலைவர்கள் முன்னிலையில் சமரசக் கூட்டம் நடைபெறும்."

அலமாரி திறந்து, கோபம் தணிக்கும் மாத்திரை இரண்டு பட்டை விழுந்தது. ஹசீனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

அப்போதுதான் சிவப்புப் பட்டன் ஞாபகம் வந்தது. இரண்டு பேர் மேலும் நோய் இருப்பதால்தானே முரண்பாடு. ஒருத்திக்கு இல்லை என்று மனிதச் சான்று கொடுத்துவிட்டால் மற்றவளுடையது நிற்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பச்சையில் சொன்னதைச் சிவப்பால் மாற்றலாம், சிவப்பில் மனிதர் ஒரு தடவை இல்லை என்று சொன்னால் அது ஆயுசுக்கும் இல்லை. இல்லாவிட்டால் நாங்கள் லஞ்சம் வாங்கிக்கொண்டு மாற்றி மாற்றிச் சொல்வோமாம்.

"வேம்பு, உனக்கு இந்த நோய் இல்லைன்னு நான் சான்று கொடுத்துடறேன்," என்றேன். எப்போது அவளை ஒருமையில் கூப்பிட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. "உன் பேரும் சுத்தமாயிடும், உங்க அண்ணிக்கும் வழி பிறக்கும். என்ன சொல்ற?"

அவள் டிக்கெட் பையின் பட்டையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"எதுக்கும் டாக்டர் உன்னை ஒரு தடவை பார்த்துடட்டுமே," என்றேன்.

"எதுக்கு மேடம்? எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீங்க குடுங்க. என் டிரிப்புக்கு நேரமாச்சு."

பிளாஸ்டிக்கைப் பிரித்து பட்டனை அமுக்கினேன். இருபது வருஷத் தொழில் மொழியெல்லாம் திரட்டி விளக்கம் எழுதினேன். நோய் இல்லை, அறிகுறி இல்லை, வரலாறும் இல்லை. இவ்வளவு கச்சிதமான சான்றை நானே எழுதியதில்லை. செவி மறுக்காமல் வாங்கிக்கொண்டது. "வேம்பு, இந்த நோய் இல்லை. மனிதரால் உறுதி செய்யப்பட்டது. இறுதியானது. சமரசக் கூட்டத்தில் காத்தாயியின் ஒப்புதல் மட்டும் தேவை," என்றது. அன்றைக்கு நான் மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை டாக்டர் அறையில் கூட்டம். தனபால் வரவில்லை, பந்தியில் பட்ட அவமானத்தில் போனையே வீட்டுப் பரணில் போட்டுவிட்டாராம். காத்தாயியின் புருஷன் முத்துக்கருப்பன் வந்திருந்தார். லோடு வண்டி ஓட்டுகிறவர், வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை. போன் சட்டைப் பையில். காத்தாயி அவருக்குப் பின்னால், சுவரோடு சுவராக. எதிர்ப்பக்கம் வேம்பு, அவருடைய சொந்தத் தங்கச்சி.

செவி மரியாதையாகத் தொடங்கியது. "மதிப்பிற்குரிய காத்தாயி அவர்களே. தங்களது கர்ப்பப்பை வெளியே இறங்கியிருப்பதாகத் தங்கள் நாத்தனார் வேம்பு கூறியுள்ளார். இது உண்மையா? பொய்யெனில் வேம்பு மீது அவதூறுக் குறியீடு பதியப்படும்."

முத்துக்கருப்பன் துள்ளி எழுந்தார். "என்னடி பேச்சு இது? நீயா சொன்ன?"

"ஆமாண்ணே. நான்தான் சொன்னேன்," என்றாள் வேம்பு.

"உன் அண்ணி உன்னைத் தூக்கி வளர்க்காத குறை. உன் ரெண்டு பிரசவத்துக்கும் அவதான் வந்து கெடந்தா. அவ மேலயே இப்படி ஒரு அசிங்கத்தைக் கட்டி விடறியா? இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத. அண்ணன்னு ஒருத்தன் இருக்கான்னு மறந்துடு. தீபாவளிக்கும் வராத, பொங்கலுக்கும் வராத."

வேம்பு தலையைக் குனிந்துகொண்டாள்.  பஸ்ஸில் சில்லறைக்கு ஆம்பளைகளின் சட்டையைப் பிடிக்கிறவள், அண்ணிக்காக அப்படியே நின்று வாங்கிக்கொண்டாள். 

"காத்தாயி அவர்களே, தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்," என்றது செவி.

"சொல்லுடி, பொய்யின்னு சொல்லு. ஊர் சிரிக்க வெச்சுட்டா இவ," என்றார் முத்துக்கருப்பன்.

"அவளை ஏன் திட்டறீங்க?"

சுவரோரம் இருந்து வந்த குரல். இவ்வளவு சத்தமாக அவள் பேசி அவரே கேட்டிருக்க மாட்டார், திரும்பிப் பார்த்தார்.

"அவ பொய் சொல்லலை. எனக்குத்தான். என் கர்ப்பப்பைதான் வெளிய வந்து நிக்குது. கேன் தூக்கறப்ப ஒரு கையால சேலையோட சேர்த்து அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மாடி ஏர்றேன். மூணு வருஷமா. நீங்க பக்கத்துல படுக்க வர்றப்பல்லாம் தலைவலின்னு சொன்னேனே, அது தலைவலி இல்ல. போதுமா? அவளை வாசப்படி மிதிக்காதன்னு சொன்னா நானும் அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

 செவி, "நன்றி. காத்தாயி, கர்ப்பப்பை முழு இறக்கம், நோயாளியின் சொந்த வாய்மொழி. அறுவை சிகிச்சை நாளை காலை," என்றது. மருந்து அலமாரியின் பூட்டு விடுபட்டது. ஹசீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிங்கை எடுக்கப் போனார்.

அடுத்த நிமிஷம் முத்துக்கருப்பனின் சட்டைப் பை பேச ஆரம்பித்தது. "அன்பார்ந்த குடும்பத் தலைவர் முத்துக்கருப்பன் அவர்களே, தங்கள் துணைவியாரின்..." அவர் போனை எடுத்தார், அமுக்கினார், திருப்பினார், குலுக்கினார். அது நிற்கவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அதை நாற்காலியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டிக்கு அடியில் இருந்து அது முணுமுணுத்து முடித்தது.

"வலிக்குதா?" என்றார் மனைவியைப் பார்த்து.

"இப்பவா? எப்பவுமே வலிதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வேம்புவிடம் ஏதோ சொல்ல வந்து, முடியாமல், அவள் தோளைத் தட்டிவிட்டு மனைவியோடு திரைப் பக்கம் போனார்.

எனக்கு ஊரையே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கலாம் போல இருந்தது. வராந்தாவுக்கு வந்தேன். வேம்பு தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். உட்காரப் போகிறாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"மேடம், இந்த ஆபரேஷன் பண்ணா எத்தனை நாளைக்கு வேலைக்குப் போகக் கூடாது?"

"உங்க அண்ணியா? கேன் தூக்கறதையே மறந்துட வேண்டியதுதான்."

"கனம் தூக்கற வேலை இல்லாம, நின்னுட்டே பார்க்கற வேலைன்னா?"

அவளைப் பார்த்தேன். ஆண்டவரே என்றிருந்தது.

"எனக்கும்தான் மேடம்," என்றாள் வேம்பு. "ரெண்டாவது பிரசவத்துலேருந்து."

"அடிப்பாவி. அப்புறம் ஏன்டி நேத்து என் ரூம்ல வந்து அந்தக் கத்து கத்துன?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? நூறு பேர் சாப்பிட்டுட்டு இருக்கற பந்தியில போன் கத்துது. எழுந்து நின்னு ஆமான்னு சொல்லவா? எங்க வீட்டுக்காரர் மானம் போகுதே. இல்லைன்னு சத்தம் போடத்தான் வந்தது."

"நான் டாக்டரைப் பார்க்கச் சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அப்ப அண்ணிக்குத் தேதி கிடைச்சிருக்காதே மேடம். ஒரு தேதிதானே இருந்துச்சு."

 அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். பெட்டிக்குக் கீழே நிறுத்தி, சொல்லு என்றேன். இந்தத் தடவை அவள் தயங்கவில்லை. அண்ணி சொன்னதைப் பார்த்த தைரியமோ என்னவோ, யார் பேரையும் இழுக்காமல், அண்ணனும் அண்ணியும் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்க, "எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கு" என்று தெளிவாகச் சொன்னாள்.

"வேம்பு அவர்களுக்கு இந்த நோய் இல்லை," என்றது செவி. "அறிகுறி இல்லை. வரலாறும் இல்லை. மனிதரால் உறுதி செய்யப்பட்டது. மாற்ற இயலாது."

"நான்தான் அந்த மனுசி. நான் தப்பா எழுதிட்டேன். மாத்து," என்று கத்தினேன்.

"உறுதி செய்தவர், மனிதச் சான்று அலுவலர் எமல்டா. மிகத் தெளிவான விளக்கம். இம்மாதத்தின் சிறந்த சான்றாகத் தேர்வு செய்யப்பட்டுள்ளது. வாழ்த்துகள்."

ஹசீனா அலமாரியை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. வேம்பு பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு டிக்கெட் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"விடுங்க மேடம். அதான் எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுச்சே," என்றாள். "பதினொன்றரை டிரிப்புக்கு டிரைவர் ஹாரன் அடிச்சுட்டு நிப்பான்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மினி பஸ் நிரம்பி வழிந்தது. கண்டக்டர் சீட்டில் யாரோ கைக்குழந்தைக்காரி உட்கார்ந்திருந்தாள். வேம்பு அவளை எழுப்பவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதினாள்.